பத்துக் கால்கள்

மே கடைசி, ஃப்ரீஸ்லாந்து.
கடலைவிடத் தாழ்ந்த புல்வெளி.
வாய்க்காலில் கிடக்கும் வானத்தை
மூக்கால் ஒதுக்கிவிட்டு
மாடுகள் தண்ணீர் குடிக்கின்றன.

கருவால் மூக்கனை இங்கே ஸ்க்ரீஸ் என்கிறார்கள்.
அது கத்துவதும் கிட்டத்தட்ட அப்படித்தான்.
ஆப்பிரிக்க நெல்வயலில் சேறு குத்திய அலகு
இன்று என் காரிலிருந்து பதினாறு மீட்டரில்.
கார் என்றால் அதற்குப் பயமில்லை,
கதவைத் திறந்தால்தான் நான் மனுஷி.
ஜன்னல் விளிம்பில்
காய்ந்த பட்டாணி அடைத்த தலையணை உறை,
அதன்மேல் லென்ஸ்.
மூன்று மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை.

குஞ்சு என்றால்
பஞ்சில் இரண்டு தீக்குச்சி செருகியது.
பிறந்து இரண்டே நாள்.
யாரும் ஊட்டுவதில்லை,
தானே ஓடி, தானே ஈ பிடித்து,
குளிரெடுத்தால் மட்டும் அம்மா.

குளிரெடுத்தது.
ஒரு மேகம் போதும் இந்த ஊரில்.
தாய் இறக்கையைச் சற்றே தளர்த்த
ஒன்று, இன்னொன்று, தடுக்கி விழுந்து இன்னொன்று
வயிற்றுக்குள் நுழைந்தன.
வினாடிக்கு இருபது வீதம் சுட்டுத் தள்ளினேன்.

மதியம் ஹில்கே
டிராக்டரை நிறுத்தாமலே கேட்டான்: "எத்தனை?"
"மூன்று."
மூன்றும் வாய்க்காலைத் தாண்டிவிட்டால்
காலை ஐந்துக்கு இந்தப் பக்கம் அறுப்பான்.
சாயங்காலம் தாண்டின.
எண்ணிவிட்டு
தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்தினேன்.

இரவு. சமையலறை மேஜை.
பகலெல்லாம் அடுத்தவர் வாய்க்குப்
பீங்கான் பல் செய்கிறவள் நான்.
ஒட்டுத் தெரியாமல் ஒட்டுவது என் பிழைப்பு.
தொடுவானத்தை ஒரு பாகை நிமிர்த்தினேன்.
நிழலைக் கொஞ்சம் தூக்கினேன்.
பச்சையைக் குறைத்தேன்,
இந்த ஊர்ப் பச்சையை வெளியூரில் நம்பமாட்டார்கள்.
பிறகு, குறுக்கே நின்ற புல்தாள்கள்.
தூரிகை தொட்டதும்
பக்கத்துச் சேற்றை அள்ளி
இயந்திரமே பூசிவிடுகிறது.
சுத்தமான வயிறு.
அடியில் கால்கள் எட்டு.
தாய்க்கு இரண்டு, குஞ்சுகளுக்கு ஆறு.
கணக்குச் சரி.

சேமிக்கும் முன் ஒரு பழக்கம்:
முன், பின், முன், பின் என்று
மாற்றி மாற்றிப் பார்ப்பேன்.

முன்.
புல்தாளுக்கு முட்டி இருந்தது.

இருநூறு சதவீதம் பெரிதாக்கினேன்.
சாம்பல் நீலம்.
கீழே மூன்று விரல்.
பக்கத்துத் தாளுக்கும் அப்படியே.
முன்: பத்து.
பின்: எட்டு.
ஒட்டு எங்கேயும் தெரியவில்லை.
அதுதான் வயிற்றைப் பிசைந்தது.

மணி பதினொன்றே முக்கால்.
"ஹில்கே, நான்கு."
தூக்கத்திலேயே கேட்டான்,
"படம் எப்போது எடுத்தது?"
"காலை பத்துக்கு."
"அதற்கப்புறம் எத்தனை நாரை, எத்தனை காக்கை.
எனக்கு நாற்பது மாடு, வைட்ஸ்கே.
நாளை மறுநாள் மழை."
வைத்துவிட்டான்.

ஐந்தரைக்கு ஓடினேன்.
பாதிக்குமேல் அறுத்திருந்தான்.
நடுவில்
இரண்டு சமையலறை அகலத்துக்கு
ஒரு கோணல் தீவு,
நின்றபடி நிற்கும் புல்.
"மூன்று நாள் தீவனம் அது," என்றான்,
என்னைப் பார்க்காமல்.

தகப்பன் அக்கரையில் மூன்றோடு.
தாய் இக்கரையில் வேலிக்கம்பத்தின்மேல்,
தீவைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தாள்.
நான்காவதை நான் பார்க்கவில்லை.
லென்ஸை எடுத்துப் போகவும் இல்லை.

எல்லாப் புல்லையும் திரும்ப வைத்துவிட்டேன்.
படம் இப்போது வோர்க்கும் சீஸ் கடையில்,
தராசுக்கு மேலே.
ஒவ்வொரு சனிக்கிழமையும்
கத்தியைத் துடைத்துக்கொண்டே
கடைக்காரி ஷாக்கியா சொல்கிறாள்:
நல்ல படம்தான்,
அந்த இரண்டு புல்லை மட்டும்
எடுத்திருக்கலாம்.